ஏணிச் சின்னத்தில் பேரிங் அண்ணன்

கெடா மாநிலத்தில் இதுவரை தேர்தலில் போட்டியிட்டவர்களில், தம் தொகுதியின் சாலைகளை எங்கள் பேரிங் அண்ணன் அளவுக்கு அறிந்தவர் ஒருவரும் இருந்ததில்லை. மற்ற வேட்பாளர்கள் காரில் வந்து இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சாலைக் குழிகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். பேரிங் அண்ணனுக்கு ஒவ்வொரு குழியும் உட்காரும் இடத்திலேயே தெரியும்.

அவருக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிட்டன. ஒரு பலகை, அதன் கீழே லாரியிலிருந்து கழற்றிய நான்கு பால் பேரிங்குகள், கையில் தரையை உந்தித் தள்ள இரண்டு மரக்கட்டைகள். அதுதான் அவர் வாகனம். லூனாஸ் சாலையில் எங்கள் ரப்பர் எஸ்டேட்டுக்குப் பிரியும் முச்சந்தியில் தகரக் கூரை போட்டு சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தார்ச்சாலையில் அவர் வரும் கர்ர்ர் சத்தம் ஆளுக்கு முன்னால் வந்துவிடும். எஸ்டேட் நாய்கள் மானேஜர் காருக்குக்கூட எழுந்திருக்காது, அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஒதுங்கும்.

அவருடைய கடைக்குச் சில சட்டங்கள் உண்டு. வண்டியை யாரும் பின்னாலிருந்து தள்ளக் கூடாது. அவரோடு பேசுகிறவர் குந்தி உட்கார்ந்துதான் பேச வேண்டும். நின்றுகொண்டு பேசுகிறவர்களுக்கு அவர் பதிலே சொல்ல மாட்டார். "முட்டிக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல" என்பார். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், அவரைப் பார்த்து 'பாவம்' என்று சொல்லக் கூடாது. சொன்னால், அடித்துக் கொடுத்த காற்றை அந்த இடத்திலேயே இறக்கிவிடுவார். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பிரசங்கியார் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்போடு மூன்று மைல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றைய பிரசங்கம் இரக்கத்தைப் பற்றியது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கால் எப்படிப் போயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு கதை கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளிடம் தஞ்சோங் டாவாய் கழிமுகத்தில் முதலை கவ்வியது என்பார். வெளியூர்க்காரர்களிடம், அடகு வைத்தேன், மீட்க முடியவில்லை என்பார். எஸ்டேட்டுக்காரர்கள் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கட்சிக் கிளையின் தலைவர் ராமையா, தம் சைக்கிளை அவரிடம் ஒருநாளும் கொடுத்ததில்லை. டயர் பஞ்சரானால் முச்சந்தியில் அவரைக் கடந்து, குனிந்த தலையோடு லூனாஸ் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ச் சீனர் கடையில் ஒட்டிக்கொண்டு வருவார். அந்த நேரம் பேரிங் அண்ணனும் ஏதாவதொரு சக்கரத்தின் கம்பிகளை மிகவும் கவனமாக முறுக்கிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர் சட்டமன்றத் தேர்தலுக்குச் சுயேச்சையாக நிற்கக் காரணம், அதற்கு முந்தைய தேர்தல்.

அந்தத் தேர்தலில் வாக்குச் சாவடி எங்கள் தமிழ்ப் பள்ளியில். வெள்ளத்துக்குப் பயந்து உயரமாகக் கட்டிய பள்ளி. வாசலில் செங்குத்தான சிமெண்டுப் படிகள். கட்சித் தொண்டர்கள் இரண்டு பேர் பேரிங் அண்ணனை உர மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டில் ஒருமுறை நிறுத்திப் புகைப்படம்கூட எடுத்தார்கள். அவர் ஓட்டுப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து பார்த்தால் தொண்டர்களைக் காணவில்லை. அடுத்த ஓட்டை ஏற்றிவர காரில் போய்விட்டார்கள். வண்டி கீழே நிற்கிறது, அவர் மேலே உட்கார்ந்திருக்கிறார். பெட்டியைச் சீல் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளியைப் பூட்டினார்கள். இருட்டும் நேரத்தில் அவரைத் தேடிக்கொண்டு வந்த பால்மரம் வெட்டும் பெண் சவரியம்மாள்தான் முதுகில் சுமந்து இறக்கினார்.

"ஏத்த ஆள் இருந்துச்சு. எறக்க ஆள் இல்ல. இதுதான் நம்ம அரசியலு" என்று மறுநாள் கடையில் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். அடுத்த தேர்தல் வரும்வரை அதை மறக்கவும் இல்லை.

வேட்பு மனுவில் முதல் கையெழுத்துப் போட்டது சவரியம்மாள். அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர் மகள் ரோசிக்கு இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப் போயிருந்தன. சிறு பிள்ளையாக இருந்தவரை அம்மா இடுப்பில் சுமந்து பள்ளியில் விட்டார். பிள்ளை வளர்ந்தாள். சுமக்க முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டு வாசலில் உட்கார்ந்து, பள்ளியில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டால் அவளும் அங்கிருந்தே சொல்வாள்.

டெபாசிட் போய்விடுமே என்று என் அப்பா எச்சரித்தார். "போவட்டும்லா. அதுக்காவது போறதுக்கு கால் இருக்கே" என்றார் பேரிங் அண்ணன்.

சின்னம் வாங்கப் போனபோது சக்கரம் கேட்டாராம். பட்டியலில் சக்கரம் இல்லை. மிச்சமிருந்ததில் அதிகாரி எடுத்துக் கொடுத்தது ஏணி. ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. காப்பிக் கடையில் அதற்கு மேல் பேச விஷயமே தேவைப்படவில்லை. பேரிங் அண்ணன் மட்டும் அந்தப் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய முதல் பொதுக்கூட்டம் நடந்தது.

மேடை கிடையாது. முச்சந்தி மண்ணில் அவர் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்தால்தான் பேசுவேன் என்றார். காவலுக்கு வந்த போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் உட்காரும்வரை கூட்டம் தொடங்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சீங்க. சரி" என்று ஆரம்பித்தார். "ஏணிய நிமித்தி வச்சா உங்களுக்கு. சாய்ச்சுப் படுக்க வச்சு, மேல பலகைய போட்டா எனக்கு. ரோசிக்கு. முட்டி வலிக்குதுன்னு கிளினிக்குக்குப் போவாம கெடக்குற உங்க அம்மாவுக்கு. படிய இடிக்கச் சொல்லல. பக்கத்துல ஒரு சரிவு போடுங்கன்னு சொல்றேன். அவ்வளவுதான் நம்ம கட்சி."

அதோடு முடியவில்லை. லூனாஸ் கடைத்தெருவில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒவ்வொரு கடைக்காரரும் தம் வாசலைத் தம் இஷ்டத்துக்கு உயர்த்தி வைத்திருக்கிறார், நெடுக ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்றார். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாழ்த்த வேண்டும் என்றார். ஒருமுறை காய்ச்சலுக்குப் போய்க் கையை மட்டும் உயர்த்தி நீட்டியதில், உள்ளே இருந்தவர் குழந்தை என்று நினைத்துக் குடற்பூச்சி மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டாராம். நடக்க முடியாத பிள்ளைக்கும் பள்ளியில் பெயர் இருக்க வேண்டும், பெயர் இருந்தால் அது உள்ளே போக வழியும் இருக்க வேண்டும் என்றார்.

பின்னாலிருந்து ஓர் இளவட்டம் குரல் கொடுத்தது. "அண்ணே, கால் உள்ளவங்களுக்கு என்னண்ணே செய்வீங்க?"

"நீ கொஞ்சம் பொறு தம்பி. எப்படியும் வயசாவும்ல."

கூட்டம் சிரித்தது. ஆனால் முதலில் சிரித்த மாதிரி இல்லை.

அந்த வருடம் நான் பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டமான ஆறாம் படிவம் முடித்துவிட்டு அதே பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தும் படிப்புமாக வேலைக்குப் போன முதல் ஆள் என்பதால் தேர்தல் நாளில் வாக்காளர் பட்டியலோடு மேசையில் உட்காரும் பொறுப்பு வந்தபோது, அம்மா என் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். எனக்கே அப்போது ஓட்டுப் போடும் வயது ஆகவில்லை. சாவடிக்குத் தலைமை அதிகாரி, பட்டணத்து மலாய்ப் பள்ளித் தலைமையாசிரியர். கண்ணியமான மனிதர். விதிப் புத்தகத்தை விட்டுக் கையை எடுக்காதவர்.

காலையிலேயே கர்ர்ர் சத்தம் கேட்டது. பேரிங் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். படிக்கட்டின் அடியில் வண்டியை நிறுத்தினார். தூக்கிவிட நாலைந்து பேர் ஓடினார்கள். வேண்டாம் என்று கட்டையை நீட்டித் தடுத்துவிட்டார். யார் தூக்கியும் இனி உள்ளே வருவதில்லை, என் ஓட்டுக்கு நானே வருவேன், வழி இல்லையென்றால் அஞ்சு மணி வரைக்கும் இங்கேயே இருப்பேன் என்றார். ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிடும்.

தலைமை அதிகாரி இறங்கி வந்து, அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து பேசினார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே குந்தினார், அதை நான் கவனித்தேன். வாக்குச் சீட்டைக் கீழே கொண்டுவர விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். எனக்காக விதியை மீற வேண்டாம் என்று பேரிங் அண்ணன் மலாயில் பதில் சொன்னார். அதிகாரியின் முகம் இன்னும் வாடிப்போனது.

வரிசை அவரைச் சுற்றி வளைந்து படியேறியது. ஏறுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறினார்கள். வெயில் ஏறியது. சவரியம்மாள் காணாமல் போய், கோயிலில் தோரணம் கட்டும் நீண்ட ஏணியோடு திரும்பி வந்தார். கூடவே இரண்டு பெண்கள் பெட்டிப் பலகைகளைச் சுமந்து வந்தார்கள். படிமேல் ஏணியைச் சாய்த்து, பலகைகளை அடுக்கினார்கள். பொதுக்கூட்டத்தில் சொன்னது அப்படியே கண்முன்னால் உருவாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உள்ளே கட்சி முகவராக உட்கார்ந்திருந்த ராமையா எழுந்தார். "ஆட்சேபணை" என்றார். ஏணி ஒரு வேட்பாளரின் சின்னம், சாவடி எல்லைக்குள் சின்னம் வைப்பது பிரச்சாரம் என்றார்.

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ராமையா சொன்னது அதில் இருந்தது.

சவரியம்மாள் ஏணியை விடவில்லை. "இன்னொரு சுயேச்சைக்கு மரம் சின்னம். கேட்டுப் பக்கத்துல அம்மாம் பெரிய மரம் நிக்குதே, அதையும் புடுங்கச் சொல்லுங்கலா" என்றார்.

நான் அதை மலாயில் மொழிபெயர்த்தேன். அதிகாரி வாசலுக்கு வந்து மரத்தை நெடுநேரம் பார்த்தார். மரம் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே நடப்பட்டது, ஆகவே அது இருக்கலாம், ஏணி கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பெண்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே போட்டார்கள். ரோசிக்காகவும் சேர்த்துத்தான் அதைச் சுமந்து வந்திருந்தார் சவரியம்மாள். தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்.

வாதத்தில் வென்ற ராமையா உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

"ஸ்டோர்ல டிரம் பலகை இருக்கு. அது யாரோட சின்னமும் இல்ல."

வரிசை முழுவதும் பேச்சு நின்றது. அந்த மௌனத்தின் காரணத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் பாலை டிரம்களில் நிரப்பி லாரியில் ஏற்றுவார்கள். லாரிக்கும் தரைக்கும் இடையே இரண்டு தடித்த பலகைகளைச் சாய்த்து, நிறை டிரம்மை உருட்டி ஏற்றுவார்கள். அதற்கு இரண்டு ஆள். ஒருவர் உருட்டுவார். இன்னொருவர் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு நடப்பார். உருட்டுகிறவருக்கு மூச்சு வாங்கினால் "முட்டு" என்று குரல் கொடுப்பார். உடனே மற்றவர் டிரம்முக்கு அடியில் கட்டையை வைத்துவிட வேண்டும். டிரம் அங்கேயே நிற்கும். ஒருவர் குரலுக்கும் மற்றவர் கைக்கும் நடுவில்தான் உயிர்.

அந்தக் காலத்தில் உருட்டியவர் பேரிங் அண்ணன். முட்டுக் கொடுத்தவர் ராமையா. ஒருநாள் "முட்டு" என்ற குரல் கேட்ட அதே நொடியில் பெரிய துரையின் கார் ஸ்டோர் பக்கம் திரும்பியது. துரை வந்தால் செய்கிற வேலையை விட்டு, திரும்பி நின்று, தொப்பியைக் கழற்றி சலாம் வைக்க வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம். ராமையா திரும்பி நின்று சலாம் வைத்தார். அவ்வளவுதான். என் அப்பா அங்கே இருந்தார். துரையும் பதிலுக்குத் தலையசைத்தார் என்பார் அப்பா. அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பேசியதில்லை.

ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் வரிசையில்தான் நின்றார். போனார். ஆறு பேர் பலகைகளைச் சுமந்து வந்து படிமேல் சாய்த்தார்கள். முட்டுக்கட்டையும் வழக்கம்போல் பலகையில் கயிற்றால் கட்டப்பட்டே வந்தது. பேரிங் அண்ணன் உள்ளங்கையால் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"பழைய பலகதானா?"

"மாத்தவே இல்லண்ணே" என்றார் ஸ்டோர்க்காரர்.

"அப்ப தாங்கும்."

கட்டைகளை ஊன்றி ஏற ஆரம்பித்தார். பலகை இரும்பு டிரம்களுக்காகப் போட்டது, வழவழவென்று தேய்ந்திருந்தது. வண்டி மேலே ஓரடி போனால் பின்னால் அரையடி வழுக்கியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாதியில் நின்றுவிட்டார். கட்டைகளைப் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தள்ளிவிட இரண்டு பேர் கால் எடுத்து வைத்தார்கள். "தொடாதீங்க" என்றார். வண்டி ஒரு விரற்கடை பின்னால் வந்தது. இன்னொரு விரற்கடை.

அவர் பக்கவாட்டில் பார்க்கவில்லை. முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முட்டு குடு, ராமையா."

ராமையா சட்டையில் கட்சி அட்டையோடு கீழே இறங்கி, பலகைக்குப் பக்கத்தில் எப்போதோ வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. குரல் முடிவதற்குள் கட்டை பேரிங்குக்கு அடியில் இருந்தது. வண்டி நின்றது. பேரிங் அண்ணன் மூச்சு வாங்கினார். பிறகு ஏறினார். மறுபடி "முட்டு" என்றார். மறுபடி கட்டை வந்தது. ராமையாவின் கண்கள் வண்டியின் பேரிங்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்த நேரம் மந்திரியே வந்திருந்தாலும் சலாம் கிடைத்திருக்காது.

உள்ளே வந்து என் மேசைக்கு முன்னால் நின்றதும், விதிப்படி அவருடைய முழுப் பெயரை நான் உரக்கப் படித்தேன். அறையில் பாதிப் பேர் அது யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவரே ஒரு நொடி திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஓட்டுப் போடும் மேசை அவருக்கு எட்டவில்லை. மேசைக்கு அடியில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், மரக்கட்டையின் முதுகில் சீட்டை வைத்துக் குறி போட்டார். எங்கள் சாவடியில் அவ்வளவு ரகசியமாக யாரும் வாக்களித்ததில்லை. ஓட்டுப் பெட்டியும் எட்டவில்லை. நாங்கள் எல்லோரும் அதிகாரியைப் பார்த்தோம். அவர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். அதை மூடினார். பெட்டியைத் தம் கையாலேயே தூக்கித் தரையில் வைத்து, "பொலே" என்றார். மலாயில், செய்யலாம் என்று அர்த்தம். அன்று அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த சொல் அது.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். ராமையா முன்னால் பின்னோக்கி நடந்து, ஒவ்வோரடிக்கும் கட்டை வைத்து இறக்கினார். இந்தத் தடவை இறக்க ஆள் இருந்தது.

முடிவு எல்லோரும் நினைத்ததுதான். ராமையாவின் கட்சி பெரிய வித்தியாசத்தில் வென்றது. டெபாசிட் தன் கால்களால் நடந்து போய்விட்டது. எங்கள் பள்ளிப் பெட்டியில் மட்டும் ஏணி முந்தியது என்று ஒரு பேச்சு உண்டு. அதைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது.

மறுநாள் டிரம் பலகைகளைத் திருப்பிக் கொண்டுபோக ஸ்டோரிலிருந்து ஆள் வந்தது. அப்போது பலகையில் ரோசி உட்கார்ந்திருந்தாள். பேரிங் அண்ணன் இரவோடு இரவாகச் செய்து கொடுத்த வண்டி அவளுக்குக் கீழே இருந்தது, இரண்டு புதுக் கட்டைகள் கையில் இருந்தன. அவளுக்குப் பக்கத்தில், முட்டுக்கட்டையோடு, அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் யார் முட்டுக் கொடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த ஆள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஸ்டோருக்கு வேறு பலகை அறுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அந்த இடத்தில் சிமெண்டுச் சரிவு வந்தது. அதைத் தங்கள் சாதனை என்று கட்சிக்காரர்கள் அடுத்த துண்டறிக்கையில் போட்டுக்கொண்டார்கள். பேரிங் அண்ணனிடம் காட்டினேன். "போட்டுக்கட்டும். சரிவு சரிவுதான்லா" என்றார்.

ரோசி பலகையேறிய அன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும்போது முச்சந்தியில் ஒரு சைக்கிள் தலைகீழாக நிற்பதைப் பார்த்தேன். ராமையாவின் சைக்கிள். அதற்கு அந்தப் பக்கம் பேரிங் அண்ணன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ராமையா, வெள்ளை வேட்டி மண்ணில் பட, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். காற்று நிறைந்ததும் பேரிங் அண்ணன் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே லூனாஸ் வரைக்கும் தள்ளாத" என்றார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. பேரிங் அண்ணன் அதே முச்சந்தியில்தான் இருக்கிறார். அடுத்த தேர்தலிலும் நிற்பதாகச் சொல்கிறார், ஏணியையே கேட்டு வாங்கப் போகிறாராம். இது வெளிவரும் இதழை ரோசி அவருக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். அதனால்தான் அவர் தடை செய்த அந்த ஒரு சொல்லை, தடையைச் சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் எழுதிவிடாமல் பார்த்துக்கொண்டேன். என் சைக்கிள் இப்போது அவரிடம்தான் நிற்கிறது.